குளவியின் குலமரபு

குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்பது நம் நாட்டுப் பழமொழி. விடாமுயற்சிக்கு உவமையாக அதனை வகுப்பில் எத்தனையோ முறை எடுத்துரைத்திருக்கிறேன். ஓய்வு பெற்றபின் ஒருநாள், பள்ளிக்கரணையில் எங்கள் வீட்டுச் சன்னற்சட்டத்தில் ஒட்டியிருந்த மண்கூட்டை உடைத்துப் பார்த்தேன். அசைவற்றுக் கிடந்த பச்சைப் புழுக்களைக் குளவியின் இளம்புழு தின்றுகொண்டிருந்தது. புழு குளவியாகவில்லை, குளவிக்கு உணவாகியிருந்தது!

இம்மயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. 17-ஆம் நூற்றாண்டில் ஹாலந்து நாட்டு ஓவியர் கோடார்ட், தாம் வளர்த்த ஒரே வகைப் புழுவிலிருந்து சிலவேளை வண்ணத்துப்பூச்சியும் சிலவேளை சிறு ஈக்களும் வெளிவரக் கண்டார். ஒரு புழுவே இருவகைப் பிறவி எடுக்கும் போலும் என்று கருதினார். அந்த ஈக்கள், தாய்க்குளவி புழுவின் உடலுள் இட்ட முட்டைகளிலிருந்து பிறந்த குளவிகளே என்பதை 1700-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இத்தாலியின் வல்லிஸ்னியேரியும் ஹாலந்தின் லேவன்ஹூக்கும் தெளிவாக்கினர். இவையே ஒட்டுண்ணிக் குளவிகள். பேனும் உண்ணியும் தாம் ஒட்டிய உயிரை விட்டுவைக்கும். இவையோ இறுதியில் கொன்றே தீரும்.

இவற்றின் உறவுமுறை வியப்பானது. ஆதிக் குளவிகள் தழை தின்றவை. 173 பூச்சியினங்களின் மரபணுக்களை ஒப்பிட்டு 2017-இல் வெளிவந்த ஆராய்ச்சியின்படி, ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன் அவற்றுள் ஒரு கிளை ஒட்டுண்ணி வாழ்வை மேற்கொண்டது. அக்கிளையின் வழித்தோன்றல்களே என் வீட்டு மண்குளவியும், எறும்பும், தேனீயும்! பிற உயிரின் உடலில் முட்டையிடப் பயன்பட்ட ஊசியே பிற்காலத்தில் கொடுக்காயிற்று. ஆண் தேனீக்குக் கொடுக்கு இல்லாமை இதனாலன்றோ?

இக்குலத்தைப் பாகுபடுத்துவது எளிதன்று. நம் நாட்டுச் சால்சிட் குளவிகளுக்கு எம். எஸ். மணி 1938-இல் ஒரு பட்டியல் வகுத்தார். அவற்றுள் டிரைக்கோகிராமா என்பது அரை மில்லிமீட்டர் அளவினது. பிற பூச்சிகளின் முட்டைக்குள்ளேயே முட்டையிடுவது. கரும்பைத் துளைக்கும் புழுக்களை முட்டையிலேயே அழிப்பதால் உழவர்க்கு உற்ற துணை. ஆனால் இந்தியாவில் அதற்கு முதலில் மினூட்டம் என்றும், பின்னர் ஆஸ்திரேலிகம் என்றும் பிறநாட்டு இனங்களின் பெயர்களே வழங்கின. பெயர்தானே என்று தள்ளிவிடலாகாது. ஓர் இனம் நாடும் முட்டையை மற்றோர் இனம் நாடாது. ஓர் இனம் தாங்கும் வெயிலை மற்றொன்று தாங்காது. இனம் தவறினால் வயலில் விட்ட குளவியால் பயனில்லை.

பெங்களூரில் இருந்த காமன்வெல்த் உயிரியல் கட்டுப்பாட்டு நிலையத்தைச் சேர்ந்த சுதா நாகர்கட்டியும் எச். நாகராஜாவும் இச்சிக்கலை அவிழ்த்தனர். இறகையும் நிறத்தையும் நம்பாமல், ஆண் குளவியின் இனப்பெருக்க உறுப்பை நுண்பெருக்கியில் நோக்கினால் இனங்கள் தெளிவாகப் பிரியும் என்று 1971-இல் காட்டினர். தோற்றத்தில் ஒத்தவை தம்முள் கலந்து இனம் பெருக்குகின்றனவா என்றும் சோதித்தனர். நம் கரும்புத் தோட்டத்துக் குளவி, ஜப்பானிய அறிஞர் இஷீ 1941-இல் பெயரிட்ட கைலோனிஸ் என்னும் இனமே என்பது பின்னர் உறுதியாயிற்று.

இன்று தமிழ்நாட்டுக் கரும்பு வயல்களில் சோகையின் அடியில் கட்டப்படும் ஒட்டுண்ணி அட்டைகளில் அந்தக் கைலோனிஸ்தான் உறங்குகிறது.