8-ம் வகுப்பு மார்க் இஸ்ரோ வரை கொண்டு போகுமா? 'யுவிகா' கோடை முகாம் பற்றி தெரிஞ்சுக்கோங்க!

"எட்டாவதுதானே, எப்படியும் ஆல் பாஸ்" என்று மார்க்கைக் கண்டுகொள்ளாத வீடுகள் ஏராளம். ஆனால், இஸ்ரோவின் கோடை முகாமுக்கு அந்த மார்க்தான் பாதி பலம்!

யுவிகா என்றால் என்ன?

'யுவ விஞ்ஞானி காரியக்ரம்' என்பதன் சுருக்கம். 2019-ல் தொடங்கியது. மே மாதத்தில் சுமார் 2 வாரம் இஸ்ரோ மையத்திலேயே தங்கி, ராக்கெட், செயற்கைக்கோள் பற்றி விஞ்ஞானிகளிடமே நேரடியாகக் கற்கலாம்.

யார் விண்ணப்பிக்கலாம்?

முகாம் நடக்கும் ஆண்டின் ஜனவரி 1-ல் 9-ம் வகுப்பு படிப்பவர்கள். போட்டி கடுமை, முதல் ஆண்டில் மாநிலத்துக்கு 3 பேர்தான்.

தேர்வு எப்படி?

8-ம் வகுப்பு மார்க்குக்கு 50% மதிப்பு. ஆன்லைன் வினாடி வினா, அறிவியல் கண்காட்சி, ஒலிம்பியாட், விளையாட்டு, சாரணர், என்.சி.சி. ஆகியவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. கிராமப்புறப் பள்ளியில் படித்தால் அதற்கும் தனி மதிப்பெண். அதாவது, ஏற்காடு மலையடிவாரக் குப்பனூர் போன்ற ஊர்களில் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்த ஊரே ஒரு பிளஸ்!

செலவு?

பயணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாமே இஸ்ரோ பொறுப்பு.

இப்போ என்ன செய்யணும்?

வீட்டில் 7, 8-ம் வகுப்புப் பிள்ளை இருந்தால், பள்ளி அறிவியல் கண்காட்சிக்குப் பெயர் கொடுக்கச் சொல்லுங்க. சான்றிதழ்களைப் பத்திரமா வைங்க. விண்ணப்பம் ஆன்லைனில்தான்; ஆண்டின் தொடக்க மாதங்களில் இஸ்ரோ இணையதளத்தைப் பார்க்க மறக்காதீங்க.