எஞ்சினை மாற்றி, அதற்குள் காற்றையும் அமுக்கினால் தாங்குமா? ஒரு சிறிய காரின் வரலாறு

எம்மிடம் ஒரு காலத்தில் பத்தாம் தரத்தில் படித்த தம்பி ஒருவர் இப்போது கட்டாரில் ஒரு கராஜில் வேலை செய்கிறார். போன கிழமை இரவு ஒரு வொய்ஸ் அனுப்பியிருந்தார். "சேர், ஒராள் பழைய லோட்டஸ் எலிஸ் கார் ஒண்டு கொண்டு வந்திருக்கார். ஒரிஜினல் எஞ்சின் இல்ல, ஹொண்டா எஞ்சின் மாத்தினது. இப்ப அதுக்கு மேல சுப்பர்சார்ஜரும் போடச் சொல்றார். உடைஞ்சா எங்கட தலையிலதான் வரும். தாங்குமா சேர்?"

நாம் வரலாறு படிப்பிப்பவர்கள், மெக்கானிக் அல்ல. வாகனங்களின் வரலாற்றில் எமக்குப் பைத்தியம் உண்டு என்பது பழைய மாணவர்களுக்குத் தெரியும், அதனால்தான் கேட்டிருக்கிறார். அவருக்கு அனுப்பிய பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறோம். எமதூர்ப் பிள்ளைகள் பலர் கராஜ்களில் இருக்கிறார்கள், அவர்களும் வாசிக்கட்டும்.

சுப்பர்சார்ஜர் என்பது எஞ்சினின் கிராங்கிலிருந்து பெல்ட் மூலமோ பற்சக்கரம் மூலமோ சுழலும் ஒரு காற்று அமுக்கி. கூடுதல் காற்று போனால் கூடுதல் பெற்றோலை எரிக்கலாம், கூடுதல் வலு வரும். இதில் பிரபலமான ஒரு வகைக்கு ரூட்ஸ் என்று பெயர். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் அதற்குக் காப்புரிமை பெற்றபோது உலகில் பெற்றோல் காரே இல்லை. உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் காற்றூதவே அது பயன்பட்டது.

இந்தக் கருவியை நம்பலாமா என்ற சண்டை புதிதல்ல. 1920களின் கடைசியில் இங்கிலாந்தின் பென்ட்லி நிறுவனத்துக்குள்ளேயே அது நடந்தது. டிம் பேர்கின் என்ற ஓட்டப்பந்தய வீரர் நாலரை லீற்றர் பென்ட்லிக்கு சுப்பர்சார்ஜர் பூட்ட வேண்டும் என்றார். நிறுவனத்தை ஆரம்பித்த டபிள்யூ. ஓ. பென்ட்லிக்கு அது அறவே பிடிக்கவில்லை. வலு வேண்டுமானால் எஞ்சினைப் பெரிதாக்க வேண்டும் என்பது அவர் கட்சி. பேர்கின் வேறு வழியில் பணம் தேடித் தன் காரைச் செய்துகொண்டார். 1930 லீமான் 24 மணி நேரப் பந்தயத்தில் அவரது கார் மேர்சிடீஸைத் துரத்தித் துரத்தி ஓடியது, பார்த்தவர்கள் மறக்கவில்லை. ஆனால் பந்தயத்தை முடிக்கவில்லை. முதலிடத்திலும் இரண்டாமிடத்திலும் வந்தவை சுப்பர்சார்ஜர் இல்லாத ஆறரை லீற்றர் பென்ட்லிகள். இன்று ஏலத்தில் கோடிக்கணக்கில் விலைபோவது தோற்ற காரின் வகைதான் என்பது வேறு கதை.

இனி எலிஸுக்கு வருவோம். இங்கிலாந்தின் ஹெத்தல் கிராமத்தில் இருக்கும் லோட்டஸ் நிறுவனம் 1996இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அலுமினியத் துண்டுகளைப் பசையால் ஒட்டிச் செய்த சட்டகத்தின் எடை ஏறக்குறைய 68 கிலோ மட்டும். முழுக் காரும் 725 கிலோ அளவில்தான். எமது வீதிகளில் ஓடும் வெகன் ஆரை விடக் குறைவு! எஞ்சின் சீற்றுக்குப் பின்னால் இருந்தது. ரோவரின் 1.8 லீற்றர் கே சீரிஸ், 118 குதிரைவலு. இவ்வளவு இலகுவான காருக்கு அது போதும்.

ஆனால் அந்த எஞ்சினுக்கு ஒரு கெட்ட பெயர் இருந்தது. ஹெட் கெஸ்கட். 1.1, 1.4 லீற்றரில் நன்றாக ஓடிய வடிவமைப்பை 1.8 லீற்றருக்குப் பெருப்பித்திருந்தார்கள். எஞ்சினுக்குள் கூலன்ட் குறைவு, அதனால் ஒரு சிறு கசிவைக்கூட அது பொறுக்காது. எலிஸில் ரேடியேட்டர் முன்னால், எஞ்சின் பின்னால், இடையில் நீண்ட குழாய்கள். காற்றுக் குமிழி ஒன்று சிக்கினாலே சூடு ஏறிவிடும். இதைத் தம்பி கவனிக்க வேண்டும். அந்த எஞ்சினுக்கு ஒருவரும் சுப்பர்சார்ஜர் பூட்டாமலே அது பழுதானது. சூடுதான் காரணம்.

கெஸ்கட்டோடு போராடிக் களைத்தவர்களும், இன்னும் வேகம் கேட்டவர்களும் எஞ்சினையே மாற்றத் தொடங்கினார்கள். அவர்கள் விரும்பித் தெரிந்தது சிவிக் டைப் ஆரிலும் இன்டெக்ராவிலும் வந்த ஹொண்டா கே20. எந்த மாற்றமும் இல்லாமலே 200 குதிரைவலுவைத் தொடும், எட்டாயிரம் சுற்று வரை ஓடும். எலிஸ்காரர்கள் மட்டுமல்ல, ஏரியல் என்ற சின்னக் கம்பனியும் இதே பாதையில் போனது. அவர்களது முதல் அட்டம் காரில் ரோவர் எஞ்சின், இரண்டாவதில் ஹொண்டா. பிறகு அதே ஹொண்டாவுக்கு சுப்பர்சார்ஜர் பூட்டி 300 குதிரைவலு என்று விற்றார்கள். ஆகவே தம்பியின் வாடிக்கையாளர் கேட்பது பைத்தியக்கார வேலை அல்ல, ஒரு தொழிற்சாலை செய்து விற்ற சேர்க்கை.

லோட்டஸ் நிறுவனமும் 2004இல் ரோவரை விட்டு டொயோட்டாவுக்கு மாறியது. அமெரிக்காவின் புகைச் சட்டத்துக்குள் வருவதும் ஒரு நோக்கம். யமஹாவோடு சேர்ந்து டொயோட்டா செய்த 2இசட்இசட், அதே 1.8 லீற்றர், ஆனால் 189 குதிரைவலு. 2006இல் எக்ஸீஜ் எஸ் காரில் அதற்கு ஈட்டன் சுப்பர்சார்ஜர் பூட்டினார்கள். வலு 218க்குப் போனது. டொயோட்டாவும் இதே எஞ்சினுக்கு சுப்பர்சார்ஜர் பூட்டி ஐரோப்பாவில் கொரொல்லா கம்ப்ரெஸர் என்று விற்றது. ஆம், நமது கொரொல்லாதான்.

218 என்ற எண்ணை நாம் மிகவும் மதிக்கிறோம். சுப்பர்சார்ஜர் வந்தும் கூடியது முப்பது குதிரைவலு மட்டும். ஏன் இந்தக் கஞ்சத்தனம்? அந்த எஞ்சினின் அமுக்க விகிதம் 11.5க்கு 1. ஏற்கெனவே மிக அதிகம், லோட்டஸ் அதைக் குறைக்கவுமில்லை. காற்றை அமுக்கினால் சூடாகும். சூடான காற்று அவ்வளவு அமுக்கத்துக்குள் போனால், பெற்றோல் நேரத்துக்கு முன் தானாக வெடிக்கும். அதைத்தான் நொக்கிங் என்கிறோம், பிஸ்டனைத் தின்பது அதுதான். எனவே கொஞ்சமாக அமுக்கினார்கள், கூரையில் ஒரு வாய் திறந்து இன்டர்கூலருக்குக் குளிர் காற்று கொடுத்தார்கள், பெரிய இன்ஜெக்டர் போட்டார்கள். வலுவை அடக்கி வைத்தது பயத்தால் அல்ல, வாரண்டி கொடுக்க வேண்டும் என்பதால்.

அப்படியிருந்தும் இந்த எஞ்சின்கள் பந்தயத் தடத்தில் உடைந்தன. எப்படி? ஒட்டும் டயர் போட்டு நீண்ட வளைவில் வேகமாகத் திரும்பும்போது, சம்பில் இருக்கும் ஒயில் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். உறிஞ்சும் குழாய் காற்றைக் குடிக்கும். ஒரு சில விநாடி போதும், பேரிங் போய்விடும். சிவிக்கும் கொரொல்லாவும் குடும்ப வண்டிகள், அவற்றின் சம்ப் இப்படியான வளைவுகளுக்காகச் செய்யப்பட்டதல்ல. இன்னொன்று, மேல் கியருக்குப் போகவேண்டிய கை தவறிக் கீழ் கியரில் விழுந்தால் சுற்று எல்லை மீறும், 2இசட்இசட்டின் ஒயில் பம்ப் பற்சக்கரம் நொறுங்கும். இரண்டிலும் சுப்பர்சார்ஜர் நிரபராதி. ஆனால் உரிமையாளர்கள் திட்டுவது அதைத்தான், ஏனென்றால் கடைசியாகப் பூட்டியது அது.

தொழிற்சாலை செய்த காருக்கும் கராஜில் மாற்றிய காருக்கும் வித்தியாசம் இங்கேதான் என்பது எமது கருத்து. தொழிற்சாலையில் எஞ்சின், ரேடியேட்டர், ஒயில், கிளச், கணினி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துச் சோதிக்கிறார்கள். மாற்றிய வண்டியில் எஞ்சினை ஒருவர் இறக்கியிருப்பார், வயரிங்கை இன்னொருவர், கூலன்ட் குழாயை மூன்றாமவர். முழுவதையும் தெரிந்த ஒருவர் இல்லை. அதன் மேல் நாலாவது ஆளாக எமது தம்பி சுப்பர்சார்ஜர் பூட்டப் போகிறார். கட்டார் வெயில் வேறு.

ஆகவே அவருக்கு நாம் எழுதியது இதுதான். பூட்டலாம், கே20 தாங்கும். ஆனால் முதலில் எஞ்சினின் அமுக்கத்தை நான்கு சிலிண்டரிலும் அளந்து எழுதி வையுங்கள். தடுப்புத் தகடு வைத்த சம்ப் இருக்கிறதா என்று பாருங்கள். ஒயில் சூட்டுக்கும் ஒயில் அழுத்தத்துக்கும் மீற்றர் பூட்டுங்கள். கூலன்ட் குழாய்களில் காற்று நிற்கிறதா என்று உச்சி வெயிலில் ஓட்டிப் பாருங்கள். கணினியை டியூன் பண்ணாமல் ஒரு கிலோமீற்றர் கூட விடாதீர்கள், அங்கே பம்பில் கிடைக்கும் பெற்றோலுக்கே டியூன் பண்ணுங்கள். கடைசியாக, எதைச் செய்தோம், எதைச் செய்ய உரிமையாளர் மறுத்தார் என்று எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

நேற்றுப் பதில் வந்தது. "சேர், அந்தாள் பவரைப் பத்தி ஒரு மணித்தியாலம் கதைச்சார். சம்ப் என்ன சம்ப் எண்டு கேட்டன், தெரியாது எண்டுட்டார். நாளைக்கு லிஃப்டில ஏத்திக் கழட்டிப் பாக்கப் போறன்."