இதயமும் ரத்த ஓட்டமும்

மார்புக்கூட்டுக்குள், இரண்டு நுரையீரல்களுக்கும் நடுவே, சற்றே இடப்பக்கம் சாய்ந்திருக்கும் தசை உறுப்பு இதயம். வளர்ந்தவர்களுக்கு ஏறத்தாழ 300 கிராம் எடை இருக்கும். நிமிடத்துக்குச் சுமார் 70 துடிப்பு, துடிப்புக்குச் சுமார் 70 மி.லி. ரத்தம் என்று, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்கு 5 லிட்டர் ரத்தத்தை அது தள்ளுகிறது. வடசென்னையின் காசிமேட்டில் விசைப்படகிலிருந்து ஐஸ் போட்ட மீன்கூடையைத் தூக்கி இறக்குபவரின் இதயம் இதை மூன்று நான்கு மடங்காகக் கூட்டிக்கொள்ளும்.

இதயத்தில் மேலே இரண்டு அறைகள், கீழே இரண்டு அறைகள். உடலைச் சுற்றி ஆக்சிஜன் குறைந்த ரத்தம் வலப்பக்கம் வந்து நுரையீரலுக்குப் போகிறது. அங்கே ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு இடப்பக்கம் திரும்பி, பெருந்தமனி வழியே மறுபடியும் உடலெங்கும் பாய்கிறது. நான்கு வால்வுகள் அதைப் பின்னோக்கி ஓடவிடாமல் தடுக்கின்றன. ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் 'லப்-டப்' இந்த வால்வுகள் மூடும்போது எழும் ஓசை. இந்தச் சுற்றோட்டத்தை 1628இல் வில்லியம் ஹார்வி விளக்கினார். தமனியையும் சிரையையும் இணைக்கும் நுண்குழாய்களை 1661இல் மால்பிகி நுண்ணோக்கியில் கண்டார்.

அறைகள் நிறைய ரத்தம் இருந்தும் இதயத் தசையின் பெரும்பகுதியால் அதிலிருந்து நேரடியாக ஊட்டம் பெற முடியாது. பெருந்தமனியின் தொடக்கத்தில் பிரியும் இரண்டு கரோனரி தமனிகளே அதற்குச் சோறு போடுகின்றன. சில மில்லிமீட்டர் அகலமே உள்ள இந்தக் குழாய்களில் கொழுப்பு படிந்து, அதன்மேல் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால் மாரடைப்பு.

அந்த அடைப்பைத் தாண்டி ரத்தத்துக்கு மாற்றுவழி போடும் பைபாஸ் அறுவைச் சிகிச்சை இந்தியாவில் முதன்முதலாக 1975இல் வடசென்னையில்தான் நடந்தது. பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் அதைச் செய்தவர் டாக்டர் கே. எம். செரியன். காலிலிருந்து எடுத்த சிரைத் துண்டின் ஒரு முனையைப் பெருந்தமனியிலும் மறுமுனையை அடைப்புக்கு அப்பாலும் தைப்பது இச்சிகிச்சையில் வழக்கமான முறை. சென்னையில் அப்போலோ மருத்துவமனை தொடங்கப்பட்டது 1983இல். அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, ரயில்வே ஊழியர்களுக்கான மருத்துவமனை ஒன்று இதைச் சாதித்தது இந்த வட்டாரத்துக்குப் பெருமை.

புகைபிடித்தல், ரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய் ஆகிய மூன்றும் கரோனரி தமனிகளின் பழைய எதிரிகள். வடசென்னையின் எண்ணூர், மணலி, திருவொற்றியூர் மக்களுக்கு மாசுபட்ட காற்றும் சேர்ந்துகொள்கிறது. நிலக்கரிப் புகையிலும் கன்டெய்னர் லாரிகளின் டீசல் புகையிலும் உள்ள, 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை போய் அழற்சியை உண்டாக்கி, தமனிப் படிவை மோசமாக்குகின்றன.

நெஞ்சை அழுத்தும் வலி இடக்கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்துக் கொட்டினால், வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்துக் காத்திருக்காமல் உடனே 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியோ, அடைபட்ட தமனியை விரித்து வைக்கும் ஸ்டென்டோ முதல் சில மணி நேரத்துக்குள் கிடைத்தால் இதயத் தசையின் பெரும்பகுதியைக் காப்பாற்றிவிடலாம்.