தாவரப் பிழைப்பு, வளர்ச்சித் தரவுகளுக்கான புள்ளியியல் மாதிரித் தெரிவு

நட்ட செடிகளில் எவை பிழைத்தன, பிழைத்தவை எவ்வளவு வளர்ந்தன என்னும் இரு கேள்விகளுக்கும் ஏற்ற கணித மாதிரியைத் தேர்ந்தெடுக்கும் முறை. வேளாண்மை, காடு வளர்ப்பு, சூழலியல் ஆய்வுகளில் பயன்படுகிறது.

செடி இருக்கும், அல்லது இருக்காது. இத்தகைய தரவுக்கு இயல்நிலைப் பரவல் பொருந்தாது. ஈருறுப்புப் பரவலில் அமைந்த லாஜிஸ்டிக் மாதிரியே வழக்கம். ஜான் நெல்டரும் ராபர்ட் வெட்டர்பர்னும் 1972இல் வகுத்த பொதுமைப்படுத்திய நேரியல் மாதிரிகளில் இதுவும் அடங்கும். எப்போது பட்டுப்போனது என்பதே கேள்வியானால், அதே ஆண்டில் டேவிட் காக்ஸ் வெளியிட்ட மாதிரி உதவும். ஆய்வு முடியும்போதும் உயிரோடிருக்கும் செடிகளை அது கணக்கிலிருந்து தள்ளுவதில்லை. ஆனால் வயலை ஆண்டுக்கொரு முறை மட்டுமே பார்ப்பவருக்குச் செடி பட்ட நாள் தெரியாது. அங்கே ஒவ்வோர் இடைவெளிக்கும் இறப்பு வாய்ப்பைக் கணிக்கும் மாதிரியே பொருத்தமானது.

உயரம், எடை போன்றவற்றுக்கு மடக்கை மாற்றமோ காமா பரவலோ ஏற்றது. பெரிய செடிகளுக்கிடையே வேறுபாடும் பெரிதாக இருப்பதே காரணம். ஒரே பாத்தியில் நின்ற 20 செடிகளை 20 தனிச் சோதனைகளாக எண்ணுவது பரவலான பிழை. ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984இல் இதைக் கடுமையாகச் சாடினார். பாத்தி வேறுபாட்டைத் தற்செயல் விளைவாகச் சேர்க்கும் கலப்பு மாதிரி இதற்குத் தீர்வு; பாத்தி ஒன்றே ஒன்று என்றால் எந்த மாதிரியாலும் பயனில்லை.

பட்ட செடியின் உயரத்தை என்னவென்று எழுதுவது? சுழியம் என்றால் பொய். வெற்றிடம் விட்டால் வேறொரு சிக்கல். 10 செ.மீ. உயர நாற்று ஐந்து, 20 செ.மீ. நாற்று ஐந்து எனக் கொள்வோம். சராசரி 15 செ.மீ. வறட்சியில் குட்டை நாற்றுகள் ஐந்தும் மடிந்தால், ஒரு நாற்றுகூட வளராமலே சராசரி 20 ஆகிவிடும். வறட்சி வளர்ச்சியைத் தூண்டியதாகக் கணினி சொல்லும்.

சார்லஸ் கெயர், ஸ்டூவர்ட் வாகெனியஸ், ரூத் ஷா மூவரும் 2007இல் ‘பயோமெட்ரிகா’ இதழில் முன்வைத்த ‘ஆஸ்டர்’ மாதிரிகள் இத்தகைய தரவைச் சங்கிலியாகப் பார்க்கின்றன. அமெரிக்காவின் மின்னசோட்டா புல்வெளித் தாவரமான எக்கினேசியா அங்கஸ்டிஃபோலியாவே அவர்களின் எடுத்துக்காட்டு. உயிரோடு உள்ளதா, பூத்ததா, பூத்திருந்தால் சிரமஞ்சரிகள் (பூத்தலைகள்) எத்தனை என ஆண்டுதோறும் பதிந்தனர். முதலிரண்டும் ஆம்-இல்லை விடைகள். மூன்றாவது, சுழியம் நீக்கிய பாய்சான் பரவல். உயிரில்லாச் செடி பூப்பதில்லை என்பது மாதிரியின் கட்டமைப்பிலேயே இருப்பதால், வெற்றிடச் சிக்கல் எழுவதில்லை.

போட்டி மாதிரிகளை ஒப்பிட ஹிரோதுகு அகாய்கேயின் தகவல் அளவுகோல் பெரிதும் கையாளப்படுகிறது. மதிப்பு குறைந்த மாதிரி மேலானது. ஒரே தரவில் பொருத்திய மாதிரிகளுக்குத்தான் அந்த ஒப்பீடு செல்லும். பிழைத்தவற்றில் மட்டும் பொருத்திய மாதிரியை, நட்ட எல்லாவற்றிலும் பொருத்தியதோடு இந்த அளவுகோலால் எடைபோட முடியாது.