பவளத்துக்குச் சுண்ணாம்பு

செஞ்சிக் கோட்டையின் கருங்கல் மதிலைப் பார்த்து வியப்பவர்கள், உள்ளே இருக்கும் கல்யாண மகாலின் செங்கற்களைப் பிடித்து நிறுத்தியிருக்கும் சுண்ணாம்புச் சாந்தைக் கவனிப்பது அபூர்வம். சுட்டு, நீற்றி, அரைத்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மெல்ல மெல்லத் திரும்பவும் கல்லாகிறது. தமிழகக் கொத்தனார்கள் அதில் கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்தார்கள். எதை, எவ்வளவு, எப்போது என்பதெல்லாம் கைப்பழக்கமாகவே இருந்த கணக்கு.

பவளப்பூச்சி தன் வீட்டைக் கட்டுவதும் இதே சரக்கில்தான். ஒரு லிட்டர் கடல்நீரில் 400 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கால்சியமும், சுமார் 1,300 மில்லிகிராம் மக்னீசியமும் இருக்கின்றன. பவளம் எவ்வளவு எடுத்தாலும் கடலுக்குக் குறை தெரியாது. பவளம் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியில் அந்த வசதி இல்லை. எடுத்ததைத் திருப்பி ஊற்ற வேண்டும்.

இதை மனிதர் கற்றுக்கொள்ள நூறாண்டுக்கு மேல் பிடித்தது. 1854இல் இங்கிலாந்தின் பிலிப் ஹென்றி காஸ் செயற்கைக் கடல்நீருக்கு ஒரு செய்முறை வெளியிட்டார். சமையல் உப்பு, எப்சம் உப்பு, மக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு ஆகிய நான்கே சரக்கு. சுண்ணாம்புக்குத் தனி இடம் இல்லை. மீனுக்கும் பாசிக்கும் அது போதும், பவளத்துக்குப் போதாது.

சென்னைக்கு இந்தக் கவலை வரவில்லை. முத்துக்குளிப்பையும் மன்னார் வளைகுடா உயிரினங்களையும் பற்றி 1890இல் நூல் வெளியிட்டவர், அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன். அவருடைய முயற்சியில் உருவான கடல்மீன் காட்சிச்சாலை 1909இல் மெரினாவில் திறந்தது. இரண்டாம் உலகப் போரின்போது மூடப்பட்டது. வாசலிலேயே கடல் இருக்கும்போது உப்புக் கலக்க வேண்டிய அவசியம் யாருக்கு? கடலுக்கு 60 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் செஞ்சி போன்ற ஊரில் தொட்டி வைப்பவருக்குத்தான் இந்த வேதியியல் கட்டாயப் பாடம்.

1961இல் ஜகார்த்தாவின் லீ சின் எங், கடலிலிருந்து உயிருள்ள பாறைகளைக் கொண்டுவந்து வெறும் காற்றுக்குமிழிகளோடு பவளத்தை வளர்த்ததை எழுதி வெளியிட்டார். அடுத்த பெரிய அடி பீட்டர் வில்கென்ஸ் வைத்தது. 1973இல் ஜெர்மன் மொழியில் வந்த அவருடைய நூலுக்குப் பிறகுதான் சுண்ணாம்புத் தெளிநீர் ஊற்றும் வழக்கம் பரவியது. ‘கால்க்வாசர்’ என்று இன்று நல்ல விலைக்கு விற்கும் டப்பாவில் இருப்பது சுத்தமான நீற்றுச் சுண்ணாம்புத்தூள், அவ்வளவே. அதற்காக வெற்றிலைச் சுண்ணாம்பை அள்ளிப் போட்டுவிடக் கூடாது. அதில் வேறென்ன கலந்திருக்கிறதோ!

ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ ஒன்றரை கிராம் தூள்தான் கரையும். மீதி அடியில் படியும். மேலே ஆடை கட்டும். நடுவிலுள்ள தெளிவை மட்டும் எடுக்க வேண்டும். அதன் காரம் கடுமையானது, பிஎச் 12க்கு மேல். ஒரேயடியாகக் கொட்டினால் தொட்டி வெள்ளையாகக் கலங்கி, பவளத்துக்குப் போக வேண்டிய கால்சியம் தூளாகப் படிந்துவிடும். ஆகவே சொட்டுச் சொட்டாக, அதுவும் இரவில். விளக்கணைந்த பின் பாசிகள் கரியமில வாயுவை உண்பதை நிறுத்துவதால் பிஎச் இறங்கும். சுண்ணாம்பு அதைத் தாங்கிப் பிடிக்கும்.

1990களில் ஹான்ஸ் வெர்னர் பாலிங் வேறு வழி காட்டினார். ஒரு குப்பியில் கால்சியம் குளோரைடு, இன்னொன்றில் சமையல் சோடா. இரண்டும் தொட்டிக்குள்தான் சந்திக்கலாம். ஒரே பாத்திரத்தில் கலந்தால் சுண்ணாம்புக்கட்டிதான் மிஞ்சும். கடை அலமாரியில் அயோடின், ஸ்ட்ரான்சியம் என்று வண்ணக் குப்பிகள் வரிசை கட்டி நிற்கின்றன. சோதித்து அளக்க முடியாததை ஊற்றுவது பணத்துக்கும் கேடு, பவளத்துக்கும் கேடு. தண்ணீரில் ஒரு பங்கை அவ்வப்போது மாற்றினாலே, புதிய உப்புக் கலவையோடு இவற்றில் பெரும்பாலானவை வந்து சேரும்.

அங்கே ஐரோப்பியர் பவளத்துக்குச் சுண்ணாம்பு ஊட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், தூத்துக்குடிப் பக்கம் பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாயில் சுட்டுக்கொண்டிருந்தார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் கடலுக்குள் போயின. அதில் பவளக்கல் வெட்டியதற்குப் பெரும் பங்குண்டு. 1986இல் தேசியப் பூங்கா அறிவிப்பு வந்தது. 2001இல் பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. அதன்பின் நம் கடலிலிருந்து ஒரு துண்டு பவளத்தை எடுத்துத் தொட்டியில் வைப்பதும் குற்றம். தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் பவளத் துண்டுகளைச் சிமெண்டுச் சட்டங்களில் கட்டிக் கடலடியில் நட்டு வருகிறது.