திருப்பி வைத்தாலும் திருட்டா?

'எடுத்ததைத்தான் திருப்பி வைத்துவிட்டேனே, அது எப்படித் திருட்டாகும்?' பேச்சுவழக்கில் இதற்கு ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். நீதிமன்றத்திலோ, 'திருட்டு' என்ற சொல்லுக்கு அந்நாட்டுச் சட்டம் வகுத்த பொருள்தான் பதில். இரண்டு வழக்குகளைப் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

1961-இல் லண்டன் தேசியக் கலைக்கூடத்திலிருந்து, கோயா தீட்டிய வெலிங்டன் பிரபுவின் ஓவியம் காணாமல் போனது. அறப்பணிக்குப் பணம் தந்தால் ஓவியம் திரும்பும் என்று கடிதங்கள் வந்தன. 1965-இல் ஓவியம் திரும்பியது; அதைச் சுற்றியிருந்த சட்டகம் திரும்பவில்லை. தானே எடுத்ததாகச் சொல்லிச் சரணடைந்த கெம்ப்டன் பண்டனை, ஓவியச் சட்டகத்தைத் திருடியதற்கு மட்டுமே ஜூரி குற்றவாளி எனத் தீர்மானித்தது. உரியவரிடமிருந்து நிரந்தரமாகப் பறிக்கும் எண்ணம் இருந்தால்தான் ஆங்கிலச் சட்டத்தில் அது திருட்டு.

1948-இல் அல்வாரில் தலைமைப் பொறியாளர் அலுவலகக் கண்காணிப்பாளர் ஒருவர் கோப்பு ஒன்றை வெளியே கொண்டுபோய் நண்பரிடம் கொடுத்தார். நண்பர் தாள்களை மாற்றினார். மறுநாளே கோப்பு அலுவலகம் திரும்பியது. ஆனாலும் 1962-இல் இந்திய உச்ச நீதிமன்றம் அதைத் திருட்டு என்றே உறுதிசெய்தது.

இந்திய தண்டனைச் சட்டத்தின் 378-ஆம் பிரிவில் 'நிரந்தரமாக' என்ற சொல்லே இல்லை. பிறர் வசமுள்ள அசையும் பொருளை, அவர் சம்மதமின்றி, நேர்மையற்ற எண்ணத்தோடு எடுப்பதற்காக நகர்த்தினாலே திருட்டு முடிந்துவிடுகிறது. 'நேர்மையற்ற' என்பதற்கும் தனி வரையறை உண்டு: ஒருவருக்கு முறையற்ற ஆதாயமோ இன்னொருவருக்கு முறையற்ற இழப்போ உண்டாக்கும் நோக்கம். ஒரு நாள் இழப்பும் இழப்புதான். வெகுமதிப் பணம் கிடைக்கும்வரை வைத்திருக்கும் நோக்கத்தோடு எடுப்பதும் திருட்டு என அப்பிரிவின் எடுத்துக்காட்டு ஒன்றே சொல்கிறது. கோயாவின் ஓவியம் இங்கே காணாமல் போயிருந்தால் அந்த எடுத்துக்காட்டே வழக்கைத் தாங்கியிருக்கும். அச்சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் 303-ஆம் பிரிவில் இதே பொருளைத் தொடர்கிறது.

இங்கிலாந்தின் 1968-ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டம் 'நிரந்தரமாக' என்ற பழைய நிபந்தனையை விடவில்லை. காட்சிக்கூடப் பொருளை அகற்றுவதையும், அனுமதியின்றி வாகனத்தை எடுத்து ஓட்டுவதையும் தனித்தனிக் குற்றங்களாக எழுதியது.

பொருளை இழந்து தவிப்பவருக்கு இந்திய வரையறை நெருக்கமானது. அதை நான் ஏற்கிறேன். ஆனால் அங்கே 'நிரந்தரமாக' என்ற சொல் தாங்கும் பாரத்தை இங்கே 'நேர்மையற்ற' என்ற ஒரு சொல்தான் சுமக்கிறது. இரவல் கேட்க மறந்து எடுத்தவரையும் கோப்பை மாற்ற எடுத்தவரையும் பிரித்துக் காட்டுவது அதுவே. அந்த எண்ணத்தை ஐயமற நிரூபிக்காமல் எவரையும் திருடர் என்று தீர்மானிக்கக் கூடாது.