கணக்கில் வராதவை

மனித டி.என்.ஏ.வில் புரதம் செய்வதற்கான குறியீடு சுமார் 2 விழுக்காடுதான். மிச்சத்தில் பெரும்பகுதிக்கு 1972இல் மரபியலாளர் சுசுமு ஓனோ பயன்படுத்திய பெயர் நிலைத்துவிட்டது: குப்பை. திருவொற்றியூரில் வளர்ந்து உயிரியல் படித்த எனக்கு இந்த வகைப் பெயர் சூட்டல் புதிதல்ல. வடசென்னை வரலாறு என்றால் 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம், துறைமுகம், எண்ணூர் அனல் மின் நிலையம். காசிமேட்டில் விடியுமுன் மீன் ஏலம் எடுத்து, கூடை சுமந்து விற்று, வீடு திரும்பிச் சமைத்த பெண்கள் அதில் அரிதாகவே வருகிறார்கள். வீட்டுவேலை மட்டும் செய்யும் பெண்ணையோ மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ‘வேலை செய்யாதோர்’ பட்டியலில் வைக்கிறது.

அந்தக் ‘குப்பை’க்குள் வேலை நடப்பதை 1993இல் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழு காட்டியது. லின்-4 என்ற அதன் மரபணு புரதம் எதையும் செய்யவில்லை. 22 எழுத்து நீளமுள்ள சிறு ஆர்.என்.ஏ.வைத்தான் தந்தது. ஆனால் அது இன்னொரு மரபணுவின் செய்தியோடு ஒட்டிக்கொண்டு, அதன் புரத உற்பத்தியை அடக்கியது. அந்த ஆய்வுக் கட்டுரையின் முதல் பெயர் ரோசலிண்ட் லீ. அடுத்து ரோண்டா ஃபைன்பாம். கடைசியில் லீயின் கணவர் விக்டர் ஆம்ப்ரோஸ். 2024 நோபல் பரிசு ஆம்ப்ரோஸுக்கும் கேரி ரவ்குனுக்கும் கிடைத்தது. மூவர் வரை பகிரக்கூடிய பரிசில் மூன்றாம் இடம் காலியாகவே இருந்தது. ஆய்வகத் தலைவருக்குத் தருவதுதான் மரபு என்பார்கள். மரபு என்ற பதிலை நாம் வேறு இடங்களிலும் கேட்டிருக்கிறோம்.

புற்றுநோய் மரணங்களில் பெரும்பாலானவை முதல் கட்டியால் வருவதில்லை. அது பரவுவதால் வருகின்றன. 2007இல் லி மா, ராபர்ட் வைன்பெர்க் குழு, பரவும் தன்மையில்லாத மார்பகப் புற்றுச் செல்களில் மைக்ரோ ஆர்.என்.ஏ. 10பி-யைக் கூட்டியபோது அவை எலிகளின் உடலில் பரவத் தொடங்கின. 2010இல் ஹாட்டேர் என்ற நீண்ட ஆர்.என்.ஏ. பற்றிய ஆய்வு வந்தது. மார்பகக் கட்டியில் அது மிகுந்திருந்த பெண்களுக்கு நோய் பரவும் வாய்ப்பும் மரண வாய்ப்பும் அதிகம். பல மரபணுக்களை ஊமையாக்கித்தான் ஹாட்டேர் இதைச் செய்கிறது. புரதம் செய்யாதவை செல்லின் போக்கையே திருப்பின.

கணக்கில் வராததெல்லாம் நல்லது என்று நான் சொல்லவரவில்லை. கணக்கில் வராதபோது அதன் தீங்கும் கண்ணில் படாது. வேலை என்றே எண்ணப்படாத வேலைக்கு விடுப்பு கிடையாது. மார்பில் கட்டி தட்டுப்பட்ட பெண் பிள்ளைகளின் பரீட்சை முடியட்டும், பண்டிகை போகட்டும் என்று நாள் தள்ளுகிறாள். அந்த நாட்களில்தான் கட்டி இடம்பெயர்கிறது.

எண்ணத் தொடங்கினால் என்ன தெரியும் என்பதற்கும் இதே நகரத்தில் சான்று உண்டு. 1923இல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையத்தை 12 படுக்கைகளோடு தொடங்கினார். மறு ஆண்டே டாக்டர் வி. சாந்தா அங்கே முழுநேரப் பணிக்கு வந்துவிட்டார். 1980களின் தொடக்கத்தில் அந்நிலையம் சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டை ஆரம்பித்தது. அன்று பெண்களிடம் கருப்பைவாய்ப் புற்று முதலிடத்தில் இருந்ததும், பின்னர் மார்பகப் புற்று அதை முந்தியதும் அதில்தான் பதிவாயின.

ராயபுரத்திலிருந்து அடையாறு போக நகரத்தையே குறுக்காகக் கடக்க வேண்டும். ஒரு நாள் வியாபாரம் போகும். அந்த ஒரு நாளை எந்தப் பதிவேடும் இன்னும் எழுதவில்லை.